கடல் காற்றுக்கு ஒரு முனைவர் பட்டம்

துகள் இயற்பியலில் ஆராய்ச்சி என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுவதற்காகக் கண்ணுக்குத் தெரிந்த ஒருவரின் தயவை நம்பி வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தொழில். ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியரான அந்த ஒருவருக்குக் கைடு என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டதும் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மவர்தான், உட்காருங்கள்.

தகுதி

தொண்ணூறுகளின் கடைசி. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்களைப் பிடிக்கும் கருவி செய்ய ஆராய்ச்சி மாணவர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து, திருவொற்றியூரில் ஒரு கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போனேன். அதற்காக ஒரு மாதம் உருப்போட்டிருந்தேன். எதிரே மூன்று பேர். ஒருவர் டீ குடித்தார். இன்னொருவர் அந்த டீயைக் குறை சொன்னார். மூன்றாமவர்தான் பேராசிரியர், என் வருங்காலக் கைடு. என் விண்ணப்பத்தில் அவர் படித்தது முகவரியை மட்டும்தான்.

"ராயபுரமா? அப்ப காசிமேட்டுல வஞ்சிர மீன் பார்த்து வாங்கத் தெரியுமே?"

யாருடைய நெட்வொர்க்

கருவி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் வாயு, சில ஆயிரம் வோல்ட். துகள் ஒன்று ஊடுருவினால் ஒரு மின் துடிப்பு வரும். தொல்லை என்னவென்றால், துகள் வராமலேயும் துடிப்பு வரும். நிஜம் எது, போலி எது என்று பிரிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கலாம் என்றேன். நியூரல் நெட்வொர்க் என்பார்கள். இது நிஜம், இது போலி என்று ஆயிரக்கணக்கில் காட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும். ஜோசியம் பார்க்கவா உதவித்தொகை வாங்குகிறாய் என்று கைடு சிரித்தார்.

நானும் சக மாணவன் பாலாஜியும் விடவில்லை. காலையில், மேலும் கீழும் வேறு கருவி வைத்து உறுதி செய்துகொண்டு, நிஜத் துடிப்புகளைச் சேகரித்தோம். மதியம் கைடு வீட்டுக்குத் தூங்கப் போனதும் போலிகளைச் சேகரித்தோம். பழக்கி முடித்தபின் கம்ப்யூட்டர் ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. கைடு கண்ணாடியைக் கழற்றி வரைபடத்தைப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"உன் நெட்வொர்க்னு எவன்கிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே. நம்ம நெட்வொர்க்."

ஒரே ஒரு இடம்

அந்தச் சமயத்தில் வெளிநாட்டுப் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நம் மாணவர் ஒருவர் அங்கேயே தங்கி முனைவர் பட்டம் முடிக்கலாம். ஒருவர்தான். யோசனை என்னுடையது என்பதால் நான்தான் போவேன் என்று பேச்சு. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, தன் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எந்தப் பரிசோதனையும் இவ்வளவு சுத்தமாக வராது. ஒருநாள் காலையில் போலித் துடிப்புகளை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் நிஜம் என்றது. மதியம் நிஜத்தைக் கொடுத்தேன். எல்லாம் போலி என்றது. மதியமானால் கடல் காற்று ஜன்னல் வழியே வரும். அந்த ஈரத்தில் கருவியின் மின்கசிவு கூடி, துடிப்பின் வடிவம் மாறும். கம்ப்யூட்டர் துகளைப் பார்க்கவே இல்லை. காற்று வந்துவிட்டதா என்பதை மட்டும் கற்றிருந்தது. கைடிடம் போய்ச் சொன்னேன். அதில் எவ்வளவு நேர்மை, இந்த நெட்வொர்க்கைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டாரே என்ற எரிச்சல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"உண்மை எங்கேயும் ஓடிப்போயிடாதுப்பா. டாக்டர் ஆனப்புறம் சொல்லிக்கோ."

வழியனுப்பு

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். வெளிநாட்டு இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார். பாலாஜி போனான். கூட்டாளிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அப்பா கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. காற்று விஷயம் பாலாஜிக்கும் தெரியும். விமான நிலையத்தில் அவனிடம், அங்கே நெட்வொர்க் சொதப்பினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். டிராலியைத் தள்ளிக்கொண்டே சொன்னான்.

"அங்க ஏசி போட்டிருப்பாங்க மச்சான். காத்து வராது."

பட்டம்

வேறொரு கைடைப் பிடித்து நான் முடிக்க மேலும் ஐந்து வருடம் ஆயிற்று. ஆய்வின் தலைப்பு, கடலோர ஈரப்பதம் துகள் கருவியைப் பாதிக்கும் விதம். வாய்மொழித் தேர்வில் பழைய கைடு முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினார். பட்டம் உறுதியான அன்று டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தேசிங்கு, என் பள்ளித் தோழன், காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டான். அப்படி என்னதான் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். என்னால் முடிந்தவரை எளிமையாக விளக்கினேன். சிக்னலில் வண்டியை நிறுத்தி, திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மத்தியானமானா காத்து வரும்னு சொல்றதுக்கா மாமு இத்தினி வருசம் படிச்சிகினு இருந்தே?"

துகளைத் தேடிப் போய்க் காற்றோடு திரும்பினாலும் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்பதுதான், ஆகமொத்தம், இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே கண்டுபிடிப்பு.