நெவில் ஹிண்ட்மார்ஷின் அவசரம்

ஸ்டியரிங்கின் விளிம்பில் இரண்டு ஆள்காட்டி விரல்களும் தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன. இடது குதிகால் தரையை உதைக்கிறது. நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட பஸ், வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் சந்தைத் திடலில் உறுமியபடி நிற்கிறது. ஓட்டுநர் நெவில் ஹிண்ட்மார்ஷ் கடிகாரத்தைப் பார்க்கிறார், பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறார், மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறார். காத்திருப்பது அவருக்கு உடம்பு வலி மாதிரி.

“நெவில், உன் பஸ்ஸப் பிடிக்கணும்னா முந்தின நாளே வந்து இங்க படுத்துக்கணும் போலிருக்கு,” என்று ஏறும்போதே சண்டைக்கு வருகிறார் மீன் வறுவல் கடை திருமதி ப்ரூடோ. நேற்று அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்க்காமல் பஸ் கிளம்பிவிட்டது.

“நடந்தே போயிருக்கலாமே, உடம்புக்கு நல்லது.”

“உன் உடம்புக்கு எது நல்லதுன்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்றேன், இரு.”

மேனேஜருக்கு ஏற்கெனவே தெரியும். தாமதமாக வருகிறவர்களைக் கண்டித்துப் பழகிய அலுவலகம் அது. எப்போதும் முந்தி வந்துவிடும் ஓர் ஆளை என்ன சொல்லித் திட்டுவது என்று அங்கே யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

அறுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. நரைத்த முடியைப் பின்னால் இழுத்து எலிவால் கனத்துக்குக் கட்டியிருப்பார். டிரம்ஸ் வாசித்த காலத்தில் சிம்பல் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இடது காது மந்தமாகிவிட்டது. பேசுகிறவர் பக்கம் வலது தோளைக் கொடுத்துத்தான் நிற்பார். பன்றித்தொடைக் கறியும் பட்டாணி மசியலும் வைத்த ஸ்டாட்டி என்ற வட்ட ரொட்டியை நின்றபடியே தின்பார். தேநீரால் நாக்கைச் சுட்டுக்கொண்டு, “நல்லாருக்கு” என்பார். கல்யாணத்தன்று பாதிரியார் கேள்வியை முடிப்பதற்குள் “சம்மதம்” என்று சொன்னவர் அவர். “என் பேரச் சொல்றவரைக்குமாவது பொறுத்திருக்கலாம். யாரக் கட்டிக்கச் சம்மதம்னு புரியாம அந்தப் பாதிரியார் முழிச்ச முழி இருக்கே!” என்று மனைவி ஐலின் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

எழுபதுகளின் கடைசியில், இந்த ஊர்ப் பையன்கள் நால்வர் சேர்ந்து ‘பிளாக் ஸ்டெய்த்’ என்ற பெயரில் ஒரு ஹெவி மெட்டல் குழு தொடங்கினார்கள். ஆற்றோரம் கப்பலில் நிலக்கரி கொட்டும் மரத்துறைக்கு இங்கே ஸ்டெய்த் என்று பெயர். அதன் கரியும் இரைச்சலும்தான் அவர்களுடைய இசை. கீத் பாடினார். கிளென் ரட்டர் கிடார். ஆலன் என்பவர் பாஸ் கிடார். டிரம்ஸுக்கு நெவில். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தையல் கடையின் மாடியில், ஒரு மத்தியானத்துக்குள் ‘தரைதட்டு’ என்ற பாட்டைப் பதிவு செய்து, சிறிய இசைத்தட்டாகப் போட்டுத் தாங்களே மதுக்கடை மதுக்கடையாகச் சுமந்து விற்றார்கள். அந்தப் பாட்டு ஒரு வேகத்தில் தொடங்கி இன்னொரு வேகத்தில் முடியும். நெவில் முன்னால் ஓட, மற்ற மூவரும் மூச்சு வாங்கத் துரத்திக்கொண்டு போவார்கள். கடைசியில் கீத் சொற்களை விழுங்குவது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது.

அந்தத் தட்டைக் கேட்டுத்தான் லண்டன் கம்பெனி ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. முழுநீளத் தட்டு போடலாம் என்றது. ‘குளிர்ந்த உலை’ என்று பெயரும் முடிவாயிற்று.

லண்டன் பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் முதல் நாளே நெவிலைத் தனியாக அழைத்தார். “தம்பி, நீ ரயிலப் பிடிக்க ஓடுற மாதிரி வாசிக்கிற. இங்க யாரும் ஊருக்குப் போகல. நிதானம்.” நெவில் நிதானமாக வாசிக்க முயன்றார். கையைக் கட்டினால் கால் ஓடியது, காலைக் கட்டினால் கை ஓடியது. சில நாள் கழித்து, மதிய உணவுக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய டிரம்ஸுக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ரோலண்ட் ஸ்டாண்டன் என்று பெயர். யார் கூப்பிட்டாலும் போய் வாசித்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். மிகவும் மரியாதையான மனிதர்.

“உங்க ஸ்டூலக் கொஞ்சம் ஏத்திக்கிட்டேன். பரவாயில்லையே?” என்று கேட்டார்.

நெவில் கிளெனைப் பார்த்தார். கிளென் குனிந்து கிடார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். நெவில் வெளியே போய் நடைவழியில் உட்கார்ந்தார். கதவு எவ்வளவு கனமாக இருந்தாலும் டிரம்ஸ் கேட்கும். தட்டு முழுவதையும் அந்த மனிதர்தான் வாசித்தார். அட்டையில் மட்டும் நெவில் பெயரை அச்சிட்டார்கள்; படத்தில் இருப்பது நான்கு ஊர்ப் பையன்கள் அல்லவா.

தட்டு விற்கவில்லை. கம்பெனி கைகழுவியது. அடுத்த குளிர்காலத்தில் ஏதோ ஓர் ஊரில் வாசித்துவிட்டு வரும் வழியில், வேனுக்குள் சண்டை மூண்டு, நெவில் பாதி வழியில் இறங்கி மழையில் நடக்கத் தொடங்கினார். பிளாக் ஸ்டெய்த் அங்கேயே முடிந்தது. பிறகு பஸ் வேலை. ஆலன் இறந்துபோனார். கிளென் இதே ஊரில் தரைவிரிப்பு போடும் தொழில் செய்தார். எதிர்ப்பட்டால் இருவரும் கால்பந்தைப் பற்றிப் பேசுவார்கள், வேறெதையும் பேசமாட்டார்கள்.

போன வருடம், வசந்தம் தொடங்கும் சமயம், அதே சந்தைத் திடலில் கிளென் பஸ்ஸில் ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் பக்கமே நின்றார்.

“எங்க போகணும்?”

“ஜெர்மனிக்கு.”

“இந்த பஸ் போகாது. எறங்கு.”

“நெவ், வெளையாடலடா. மெட்டல் விழா ஒண்ணு. நம்மளக் கூப்பிட்டிருக்காங்க. கீத் சரின்னுட்டான். ஆலன் எடத்துல எம் பொண்ணு ஜோன் வாசிப்பா. நீ வரணும்.”

“வரல.”

“ஏன்டா?”

“அவங்க கேக்குறது என்னைய இல்ல. அந்த லண்டன்காரன. போய் அவனக் கூட்டிட்டுப் போ.”

கிளென் வாயைத் திறப்பதற்குள் நெவில் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டார். கிளென் கடற்கரை வரை சும்மா போய்விட்டுத் திரும்பி நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு நெவிலுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தொலைக்காட்சி முன் உட்காருவார், எழுந்துவிடுவார். நாயைக் கூட்டிக்கொண்டு போவார். நாய் களைத்துப்போய் நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கொட்டகையிலிருந்து இடிக்கிற சத்தம் கேட்டு ஐலின் எட்டிப் பார்த்தார். பழைய டிரம்ஸைத் துடைத்து அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரே சீராக டக் டக்கென்று எண்ணும் மெட்ரோனோம். அதோடு சேர்ந்து நடக்க முயன்று, முந்திப் போய், நிறுத்தி, பல்லைக் கடித்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார் நெவில். காதில் ஹெட்ஃபோன், கேட்டுக்கொண்டிருந்தது ‘குளிர்ந்த உலை’. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“வரலன்னு சொன்ன மனுஷன் எதுக்கு இங்க கெடந்து இடிக்கிற?”

“சும்மாதான்.”

“அந்த ஆளு மாதிரி வாசிச்சுக் காட்டணும். அதானே?”

நெவில் மெட்ரோனோமை நிறுத்தினார். “போறதுன்னா போ. ஆனா யாரா போறன்னு முடிவு பண்ணிக்கிட்டுப் போ,” என்று சொல்லிவிட்டு ஐலின் உள்ளே போனார். சாயங்காலமே நெவில் கிளெனுக்குத் தொலைபேசியில் “சரி” என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஒத்திகை தொழிலாளர் மன்றத்தின் மாடியில் நடந்தது. கீழே பிங்கோ ஆட்டத்தின் எண்களைக் கூவும் சத்தம் கேட்டது. நெவில் மெட்ரோனோம் இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு மயிரிழைகூட முந்தவில்லை. மூன்று பாட்டு முடிந்ததும் ஜோன் பாஸ் கிடாரைக் கழற்றி வைத்தாள். முப்பதைக் கடந்தவள், பள்ளியில் வேதியியல் ஆசிரியை; யாரிடமும் சுற்றி வளைக்க மாட்டாள்.

“மாமா, இது என்ன சவ ஊர்வலமா?”

“சரியாத்தானே வாசிச்சேன்?”

“சரியாத்தான் இருக்கு. அதான் பிரச்சன. சின்ன வயசுல ‘தரைதட்டு’ தட்டப் போட்டுட்டு நான் சோபா மேல குதிப்பேன். அதுல வாசிச்ச ஆளு எங்க?”

“அந்த ஆளத்தான் இவங்க நடைவழியில உட்கார வச்சாங்க,” என்றார் நெவில். குச்சிகள் இரண்டையும் சின்ன டிரம் மேல் வைத்துவிட்டு கிளென் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நீ ஏன்டா வாயத் தெறக்கல?”

கீத் தன் காலணியைப் பார்த்தார். கீழே யாரோ பிங்கோ ஜெயித்துக் கூச்சலிட்டார்கள். கிளென் கிடாரின் சத்தத்தைக் குறைத்தார்.

“பயம்டா. இன்னிக்கு உன் மேல கை வச்சவன் நாளைக்கு எங் கிடார் மேல வைப்பான்னு பயம். அந்த புரொட்யூசர் போனதும் ஒங்கிட்ட வந்து சொல்லணும்னு நெனச்சேன். அப்புறம் நீயே கேப்பன்னு நெனச்சேன். நீ கேக்கவே இல்ல.”

“எனக்கு அதில்லடா கோவம்.” நெவிலின் குதிகால் தரையை உதைத்தது. “அவன் வாசிச்சது நல்லா இருந்துச்சு. கதவுக்கு வெளிய உட்கார்ந்துக்கிட்டே எங் கால் அதுக்குத் தாளம் போட்டுச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல.”

ஜோன் கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டாள். நெவில் மெட்ரோனோமை மறுபடி காதில் வைத்துக்கொண்டார். ஒத்திகை பழையபடியே நடந்தது.

விழா ஒரு கோதுமை வயலின் ஓரத்தில். பெரிய குழுக்களுக்கெல்லாம் மாலைப்பொழுது. இவர்களுக்கு மதிய உணவு முடிந்த வேளை. வெயிலில் சில நூறு பேர், ஒட்டுப்போட்ட டெனிம் மேல்சட்டையும் கையில் பியருமாக நின்றிருந்தார்கள். ‘குளிர்ந்த உலை’ பாட்டுகளைச் சுத்தமாக வாசித்தார்கள். கூட்டம் தலையை ஆட்டியது, கைதட்டியது, பியர் குடித்தது. கடல் தாண்டி வந்தும் அந்த லண்டன் நடைவழிக்கே வந்து சேர்ந்தது போலிருந்தது நெவிலுக்கு.

அப்போது முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மந்தக் காதுக்கு அது முதலில் பிடிபடவில்லை. ஜோன் திரும்பி, “மாமா, ‘தரைதட்டு’ கேக்குறாங்க!” என்றாள்.

அந்தப் பாட்டு டிரம்ஸில்தான் தொடங்கும். மெட்ரோனோமில் அதற்கு எண்ணிக்கை எதுவும் வைத்திருக்கவில்லை. நெவில் அதைக் காதிலிருந்து பிடுங்கினார். கை தானாகப் போயிற்று. இரண்டாவது அடிக்குள்ளேயே முந்திவிட்டது தெரிந்தது. பிடிக்க மனம் வரவில்லை. கிளென் திரும்பிப் பார்த்து, “மெதுவாடா, செத்துருவேன்!” என்று கத்தினார், கத்தும்போதே சிரித்தார். கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குதித்தது. புழுதி கிளம்பியது. கீத் கடைசிப் பகுதியில் சொற்களை விழுங்கினார். விழுங்கிய சொற்களையும் முன்வரிசை பாடியது. நெவிலின் வலது மணிக்கட்டு பற்றியெரிந்தது. பாட்டை நால்வரும் சேர்ந்து முடிக்கவில்லை. நெவில் முதலில் முடித்தார், மற்றவர்கள் பின்னால் வந்து விழுந்தார்கள்.

அரைமணி கழித்து, கூடாரத்துக்குள் ஒரு நீள மேசைக்குப் பின்னால் நால்வரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஹோல்கர் என்ற தாடிக்காரர் ‘தரைதட்டு’ சிறு தட்டை நீட்டினார். நைந்த அட்டை.

“பதினஞ்சு வயசுல, கைக்குக் கை மாறி வந்த இதக் கேட்டேன். நானும் என் கூட்டாளிங்களும் இந்த டிரம்ஸப் பிடிச்சுரணும்னுதான் பேண்ட் ஆரம்பிச்சோம். இன்னும் பிடிக்க முடியல.”

“அது தப்பா வாசிச்சது,” என்றார் நெவில்.

“அப்ப எங்களுக்கும் அந்தத் தப்பச் சொல்லிக்குடுங்க,” என்றார் ஹோல்கர். பிறகு பையிலிருந்து ‘குளிர்ந்த உலை’யையும் எடுத்து வைத்தார். “இதுலயும் ஒண்ணு போடுங்க.”

நெவில் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் அடியில், பொடி எழுத்தில், டிரம்ஸ் என்பதற்கு நேரே அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் கிளென் பேனாவை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நெவில் தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக, ரோலண்ட் ஸ்டாண்டன் என்று எழுதினார். எழுதி முடித்ததும் கொடுத்துவிடவில்லை. வரிசை நீண்டுகொண்டே போக, மை காயும்வரை அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.