அதிரசப் பதத்தில் ஒரு ஸ்ட்ராபெரி ஜாம்

நான் மயிலாப்பூர்வாசி. வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கே செய்முறை விளக்கமா? ஸ்ட்ராபெரி ஜாமில், அதை இறுகவைக்கும் பெக்டின் தூளைச் சேர்த்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. நானோ அதிரசப் பாகுபோலத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, உருட்ட வரும்வரை கிளறினேன்.

மறுநாள் அதைத் தோண்டியெடுத்து ரொட்டியில் வைத்துக் கடித்த என் கணவர், திடீரென்று இருமினார். முகம் சிவந்துவிட்டது. பதறிப்போய் முதுகில் தட்டினேன். தட்டில் ஜாம் உருண்டை விழுந்தது. அதன் நடுவில், அவர் புதிதாகக் கட்டிக்கொண்ட பல்!

"நல்லவேளை, முழுங்கலை" என்றேன்.

"எங்கேர்ந்து முழுங்கறது? உன் ஜாம் விட்டாத்தானே!" என்றார்.

இப்போதெல்லாம் பொட்டலம் சொன்னபடியே இறக்குகிறேன். ஆறியதும் முதலில் நான்தான் சாப்பிட்டுப் பார்க்கிறேன். என் பற்கள் இன்னும் சொந்தப் பற்கள்.