உள்ளே பூட்டிய கதவு

பிராங்க்பேர்ட் ரயில் நிலையத்துப் பெரிய பலகையில் எங்கள் ரயில் இருந்த வரியும் அதற்குக் கீழிருந்த வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகின. வடக்கே எங்கோ புயலடித்துத் தண்டவாளத்தில் மரங்கள் விழுந்துவிட்டனவாம். இன்றைக்கு இனி ஒன்றும் ஓடாது என்று பக்கத்தில் நின்ற பெண் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிடலாம் போலிருந்தது.

கொழும்பில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதிலிருந்து நான் கண்ணை மூடவில்லை. இரண்டு பெட்டி, பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் போட்ட ஒரு பை, இவருடைய ஊன்றுகோல், இவர். என் கணவர் பெட்டியின் மேல் இருந்துகொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த சாப்பாடு எதையும் அவர் தொடவில்லை. கேட்டால், "பசிக்கேல்லை" என்பார். பசிக்காமல் இல்லை. சாப்பிட்டால் கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்ற பயம்.

ஹம் நகரில் இருக்கும் என் தங்கைக்கு அழைத்தேன். முப்பது வருடமாக ஜேர்மனியில் இருக்கிறவள். அவளோடு மூன்று கிழமை நின்று, அங்கேயுள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

"அக்கா, எங்கடை இவர் காரோடை இரவு வேலைக்குப் போட்டார். வந்து ஏத்த ஏலாது. இண்டைக்கு மட்டும் உங்கை எங்கையாவது நில்லுங்கோ. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கை நிக்கோணும், சொல்லிப்போட்டன்."

"வாறம், வாறம்," என்றேன்.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்ட ஹோட்டலுக்குள் நுழைந்தோம். ஜப்பானில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு சிக்கன ஹோட்டலாம். இது அவர்களுடைய ஜேர்மன் கிளை. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் எங்கள் கடவுச்சீட்டுக்கு ஒரு தரம், எங்களுக்கு ஒரு தரம் என்று குனிந்து வணங்கினாள். பிறகு ஒரு தட்டைக் காட்டி, இரவுச் சட்டை, பற்தூரிகை, சீப்பு எல்லாம் வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆசுபத்திரியில் போடுகிற அதே வெட்டு. ஆசுபத்திரியில் போட்டது காணாதென்று இங்கேயுமோ என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டை எடுத்தேன்.

அறை என்றால் அப்படியொரு அறை. ஒரு பெட்டியைத் திறந்து வைத்தால் மற்றவர் கட்டிலின் மேல் ஏறித்தான் அந்தப் பக்கம் போகலாம். குளியலறை ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே போக ஒரு படி. கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் படம். நான் முகத்தைக் கழுவிவிட்டு விழுந்து படுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்று அந்தப் படங்களை ஆறுதலாக வாசித்துக்கொண்டிருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். எதையும் தொடமுதல் வாசிப்பது அவருடைய பழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்து ஒன்றரை வருடமாகிறது. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. வலக்கைக்கு ஒன்றுமில்லைத்தானே, நல்லகாலம் தப்பிவிட்டார் என்று பார்க்க வந்த சனமெல்லாம் சொன்னது. என்ன தப்பியது என்று எனக்குத்தான் தெரியும். சாப்பிடுகிற கை தப்பியது. கழுவுகிற கை போய்விட்டது.

பயிற்சி கொடுக்க வந்த பெண், வலக்கையால் கழுவப் பழகுங்கள் ஐயா என்றாள். அவரும் ஒரு நாள் அப்படிச் செய்தார். பிறகு சவர்க்காரம் போட்டுப் போட்டு அந்தக் கையைக் கழுவினார். மத்தியானம் சோற்றுக்கு முன்னால் வந்து இருந்தார், கையை வைக்கவில்லை. நான் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். "கரண்டியையும் இந்தக் கைதானே பிடிக்கோணும்," என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவேயில்லை. அடுத்த நாளிலிருந்து நான் அவரோடு உள்ளே போகத் தொடங்கினேன்.

"இதென்ன பெரிய வேலையோ" என்று அவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சொல்லுவேன். பெரிய வேலைதான். விடியப்புறம் அவர் புரண்டு படுக்கும் சத்தத்துக்கே நான் எழும்பியிருக்க வேண்டும். ஆள் கனம், இந்த வயதில் என் முதுகும் முதுகில்லை. எனக்குக் களைப்பு. படுத்து எழும்பினாலும் போகாத களைப்பு. வேலைக்கு ஆள் வைக்கலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அந்தக் கதையை அதோடு விட்டேன். பெற்ற பிள்ளையிடம்கூட இதையெல்லாம் சொன்னதில்லை.

மறுநாள் விடிய அவர் எழும்பிய சத்தத்தில் நானும் எழும்பிப் பின்னால் போனேன். படியில் ஏற ஒரு கை கொடுத்தேன். உள்ளே காலை வைத்ததும் திரும்பி, "பொறும்," என்றார். கதவைச் சாத்தினார். உள்ளே பூட்டு விழுந்தது.

விழுந்தால் என்ன செய்வது, கீழே போய் யாரைக் கூப்பிடுவது? கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ இயந்திரம் முனகியது, தண்ணீர் பீச்சும் சத்தம், நின்றது, திரும்பவும் பீச்சும் சத்தம். என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலக்கையால் பொத்தானை அமத்துகிறார். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது.

"நீர் ஏன் உதிலை நிக்கிறீர்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போய்ப் படும்."

போய்ப் படுமாம். ஒன்றரை வருடம் பார்த்த வேலையிலிருந்து ஒரு சொல்லில் நிறுத்திவிட்டார். சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிலில் வந்து இருந்துகொண்டு சுவரைப் பார்த்தேன்.

காலைச் சாப்பாடு கீழே, ஹோட்டல் கணக்கிலேயே. ஜேர்மன்காரருக்குப் பாண், எங்களுக்கென்று நினைத்தமாதிரிச் சோறு. உருட்டிக் கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டைகள். எல்லோரும் அதைக் கையால்தான் எடுத்துக் கடித்தார்கள். இவரும் எடுத்தார். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு சூப், பிறகு என் தட்டில் இருந்த உருண்டையையும் பார்த்தார். அதையும் கொடுத்தேன்.

ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. நான் மேலே வந்து பெட்டியைக் கட்டினேன். அவர் கட்டில் நுனியில் இருந்தார்.

"இஞ்சேரும், இன்னும் ரெண்டு நாள் இங்கை நிப்பம்."

"என்ன விசர்க்கதை இது? அவள் அங்கை சமைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"நிப்பம்," என்றார் திரும்பவும்.

வருத்தம் வந்த நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கொடுத்ததைத் தின்பார், போட்டதை உடுப்பார். இப்போது கேட்கிறார். நான் பெட்டியைத் திறந்து, மடித்த சேலையைத் திரும்ப வெளியே எடுத்தேன். பிறகு தங்கைக்கு அழைத்து, ஹோட்டலின் பெயரைச் சொல்லி, அத்தானுக்குக் களைப்பு, இரண்டு நாள் கழித்து வருகிறோம் என்றேன்.

"களைப்பெண்டால் இங்கை வந்து படுக்கிறது," என்றாள். "உங்களுக்கெண்டு புதுமெத்தை வாங்கிப் போட்டிருக்கிறன். நாங்கள் ரெண்டு பேரும் வரவேற்பறையிலை படுக்கிறதெண்டு முடிவு."

"அதுக்கில்லைப் பிள்ளை..."

"வேறை எதுக்கு? உங்கடை விசாவுக்கெண்டு வெளிநாட்டவர் கந்தோரிலை டெர்மினுக்கு நாள் எடுத்து, அன்ட்ராக் பத்திரம் நிரப்பிக் குடுத்து, என்ரை அக்காவையும் அத்தானையும் என்ரை வீட்டிலை வைச்சுப் பாப்பன் எண்டு கையெழுத்து வைச்சனான். நீங்கள் ஹோட்டலிலை நிக்கிறியள். கோயிலிலை சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது? வீட்டு வாசலுக்கு வந்திட்டு உள்ளை வராத மாதிரியெல்லோ இருக்கு."

நான் என்னத்தைச் சொல்ல? அவளுடைய கழிப்பறையில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வாளி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கே தமிழர் வீடுகளில் அப்படி ஏதாவது இருக்கும். அந்த வாளியைத் தூக்க ஒரு கை, கழுவ ஒரு கை வேண்டும். இதைச் சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய மானத்தைத் தொலைபேசியில் வைத்து எப்படிப் பிரித்துக் காட்டுவது? "குறைநினையாதை" என்றேன். அவள் தொடர்பை வெட்டிவிட்டாள். பிறகு அழைத்தும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் விடிய நான் எழும்பவேயில்லை. கண்ணைத் திறந்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவர் குளித்து, சட்டையைப் பொத்தான் மாறிப் போட்டு, கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை."

மனிதருக்குத் தன் பாட்டில் எல்லாம் செய்ய முடிந்த பெருமை என்று நினைத்தேன். அந்தப் பெருமைக்காகத்தானே தங்கையைப் பகைத்துக்கொண்டு நிற்கிறோம். பெருமைப்பட்டுக்கொள்ளட்டும்.

அன்று மத்தியானம், நான் இன்னும் அந்த இரவுச் சட்டையோடு இருக்க, கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் தங்கை. தோளில் ஒரு பெரிய பை, அதற்குள்ளிருந்து மீன்குழம்பு வாசம். என்னைப் பார்க்காமலே உள்ளே வந்து, இருக்கிற ஒரேயொரு மேசையில் பையை வைத்தாள்.

"வீட்டை வராத ஆக்களுக்கு வீடு வந்திருக்கு. இடியப்பமும் சொதியும் இருக்கு. தின்னுங்கோ. நான் இருக்க வரேல்லை, அடுத்த ரயிலிலை போறன்."

"இருமன் பிள்ளை," என்றார் இவர்.

"எங்கை இருக்கிறது அத்தான்? கட்டிலிலை ஏறியோ? இந்தப் பெட்டிக்குள்ளை என்ன சுகத்தைக் கண்டு நிக்கிறியள்? முதல் நான் பாத்றூம் போட்டு வாறன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "ஐயோ, என்ன கோதாரி இது!" என்று சத்தம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெளியே வந்தபோது அவளுடைய முகம், முன்மயிர், சட்டை எல்லாம் ஈரம். எழும்பி நின்று, குனிந்து பார்த்துக்கொண்டு பொத்தானை அமத்தியிருக்கிறாள். கோபத்தைப் பிடித்து வைத்திருக்க எவ்வளவோ பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"இந்தத் தண்ணிக்கோ அத்தான் இங்கை நிக்கிறியள்?" என்று பகிடியாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றார் அவர்.

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மடியில் கிடந்த இடக்கையைப் பார்த்தாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அத்தான். நான் நெடுகச் செய்யிற வேலைதானே. வீட்டிலை அக்காவும் செய்யிறாதானே. வெக்கப்பட என்ன இருக்கு?"

"வெக்கமெல்லாம் முதல் கிழமையோடை போட்டுது," என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து நெடுநாளாகியிருந்தது. "எனக்காக நிக்கேல்லைப் பிள்ளை. உன்ரை கொக்கா விடிய நான் புரள முதல் எழும்பிடுவா. நான் வருத்தம் வந்து விழுந்த நாளிலையிருந்து அவ ஒரு நாள் ஒழுங்கா நித்திரை கொண்டதில்லை. இங்கை வந்துதான் கொண்டவ. இண்டைக்கு விடிய வெயில் ஏறுமட்டும் படுத்தவ. நான் பாத்துக்கொண்டு இருந்தனான். அப்பிடிப் படுக்கட்டும் எண்டுதான் நேற்று நிப்பமெண்டனான்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "எனக்குக் களைப்பெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? நான் ஒரு நாள் சொன்னனானோ?"

"நீர் சொல்லேல்லை. சிரிக்கிறனீர்," என்றார். "கலியாணம் கட்டின நாள் துவக்கம் நீர் விடியக்காத்தாலை சிரிச்சதை நான் காணேல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் சிரிக்கிறீர்."

நான் அழுதேன். தங்கைக்கு முன்னால், மீன்குழம்பு வாசத்துக்குள், அந்த ஆசுபத்திரிச் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதேன். ஒன்றரை வருடமாக அவரிடமிருந்து நான் ஒளித்ததாக நினைத்திருந்தது ஒன்றுதான். அதையும் அவர் முதல்நாளே கண்டிருக்கிறார். தங்கை என் முதுகைத் தடவிக்கொண்டே மற்றக் கையால் தன் கணவனுக்கு அழைத்து, இப்படிப் பொத்தான் வைத்த இருக்கை ஒன்று வாங்கி வீட்டுக் கழிப்பறையில் பூட்ட வேண்டும், இன்றைக்கே கடைக்குப் போங்கோ என்றாள். அந்தப் பக்கத்தில் அவர் என்னவோ கேட்க, "ஏனெதுக்கெண்டு பிறகு சொல்லுறன்," என்றாள்.

அது பூட்டுப்படும்வரை நாங்கள் ஹோட்டலிலேயே நிற்பது என்று முடிவாகியது. பிறகு மூவரும் கட்டிலில் செய்தித்தாளை விரித்து இடியப்பம் சாப்பிட்டோம். அவர் வலக்கையால் பிசைந்து, சொதி விட்டு, திரும்பவும் கேட்டுச் சாப்பிட்டார். தங்கை அடுத்த ரயிலை விட்டுவிட்டு அதற்கடுத்த ரயிலில் போனாள்.

மறுநாள் விடியப்புறம் அவர் புரண்ட சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் என் கால் நிலத்தைத் தேடியது. அவர் ஊன்றுகோலைச் சத்தம் போடாமல் எடுத்து, படியில் மெல்ல ஏறி, குளியலறை வாசலில் திரும்பி நின்றார்.

"நீர் படும்," என்றார்.

கதவைச் சாத்தி உள்ளே பூட்டினார். நான் சிரிக்கவில்லை. காலை உள்ளே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.