அட்டையில் கோட்டை, உள்ளே எருமை

கோடை விடுமுறை என்றாலே எனக்குப் பாதி உயிர் போய்விடும். பள்ளிக்கூடம் நடக்கும்போது பிள்ளைகள் மூன்றும் மூன்று திசையில் இருக்கும். லீவு விட்டால் ஒரே ஹாலில் கிடந்து உருளும். மூத்தவளுக்குப் பதினைந்து வயது, பையனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு நாலு. போன வருடம் ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே! மூத்தவளுக்குப் பூப்பந்து மட்டை, பையனுக்கு ரிமோட் கார், சின்னவளுக்குச் சொப்புச் சாமான். நியாயமாகத்தானே வாங்கினேன்? ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரின் ஆன்டெனா சின்னவளுக்குக் குழம்புக் கரண்டி ஆகிவிட்டது. அவள் சோறு வடித்த சட்டி மேல் கார் ஏறி இறங்கிவிட்டது. சண்டையை விலக்கப் போன மூத்தவள் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றாள். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தபோது மூன்று பேரும் மூன்று சுருதியில் அழுதுகொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும், ஒரு வீட்டில் எந்த வயசுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் போடுவதுதான் என் பிழைப்பே. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் பிரிவில் செக்கிங் பார்க்கிறேன். சின்னதுகளுக்குக் கம்பி மத்தாப்பு, அதுக்கு மேலே சக்கரம், புஸ்வாணம், மீசை முளைக்கிற வயசுக்கு வெடி. எல்லாம் ஒரே டப்பாவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடி போட வைக்க வேண்டும். "ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒத்த டப்பாவுல சமாதானம் பண்ணி அனுப்புத. வீட்டுல மூணைச் சமாளிக்கத் தெரியல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். மூன்றையும் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் தெரியும் அவர் வண்டவாளம்.

இந்த வருடம் நான் ஒரு முடிவோடு இருந்தேன். ஒரே சாமான்தான், மூன்று பேருக்கும் பொது. காரணம் இருந்தது. மூத்தவள் பத்தாவது முடித்துவிட்டு, ஜூன் மாதம் மதுரைப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அவளே கேட்டுச் சேர்ந்தாள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல படிப்பு, எல்லாம் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஓடிவிடும். மூன்று பேரும் ஒரு முழு லீவை ஒரே வீட்டில் கழிப்பது இதுதான் கடைசியாக இருக்கலாம். இவளோ வரவர ஃபோனோடு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தம்பி தங்கையோடு ஒரு மாதம் ஒன்றாக உட்கார்ந்து விளையாடிவிட்டுப் போகட்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் விருதுநகருக்குப் போனோம். பொரிச்ச பரோட்டா வாங்கித் தருகிறேன் என்ற பேச்சில்தான் மூத்தவள் கிளம்பினாள். பஜாரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கேரம் போர்டு எடுத்தால் சின்னவளுக்கு ஆகாது. தண்ணீர்த் துப்பாக்கி எடுத்தால் மூத்தவளுக்கு மானக்கேடு. பையன் மறுபடியும் காரைக் கையில் எடுத்தான். "வைலே அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனும் தன் கையிலிருந்ததை வைத்துவிட்டான்.

அப்போதுதான் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். படத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்களே, சேர்த்து அடுக்குகிற விளையாட்டு. ஐந்நூறு துண்டு. மூடியில் பனிமலை மேல் வெள்ளைக் கோட்டை. ஓரத்தில் பெரியதும் சின்னதுமாகப் பிள்ளைகள் ஒன்றாகச் சிரிக்கிற படம்.

என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கி டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நாலு கலரும் எப்படி உக்காந்திருக்கு பாத்தியா? மயிரிழை விலகல. இது நம்மூரு வேலையாத்தான் இருக்கும்" என்றார். நான் என் பங்குக்குப் பெட்டியைக் கையில் எடை பார்த்தேன், காதருகே வைத்துக் குலுக்கினேன், மூலைகளை அமுக்கினேன். பேக்கிங் கெட்டியாக இருந்தது.

"வேணும்னா பிரிச்சுப் பாத்துக்கிடுங்கக்கா" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் வேண்டாம். நாங்க பாக்காத டப்பாவா?" என்றேன். என் வீட்டுக்காரரும் பெருமையாகத் தலையாட்டினார். ஒருத்தர் அச்சைப் பார்த்தோம், ஒருத்தர் பேக்கிங்கைப் பார்த்தோம், உள்ளே இருப்பதை இருவருமே பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தரையில் கொட்டினோம். கறுப்பும் சாம்பலும் பச்சையும் களிமண் நிறமுமாகக் குவிந்தது. தேடித் தேடிப் பார்த்தும் பனிக்கு ஒரு வெள்ளைத் துண்டு இல்லை.

"எம்மா, கோட்டை எங்க?" என்றான் பையன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு படத்துக்கு அடிச்ச மூடியை இன்னொரு படத்துக்குப் போட்டு மூடிட்டானுக! எங்க கம்பெனியில இப்படி ஒரு டப்பா மாறியிருந்தா லோடையே இறக்கிப் பிரிக்க வச்சிருப்பேன்!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, "இதுவும் நல்ல அச்சுதான்" என்றார். நான் பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் எல்லாவற்றையும் வாரிப் பெட்டியில் போட ஆரம்பித்தேன், அடுத்த பஸ்ஸிலேயே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு நறுக்கென்று நாலு கேட்பதென்று. மூத்தவள் என் கையைப் பிடித்தாள். ஃபோனைக் கீழே வைத்திருந்தாள்.

"இரும்மா. கோட்டை இல்லைன்னா இது என்ன படம்?"

"மலை மாதிரி இருக்கு" என்று அவளே சொன்னாள். "போர்க்கப்பல்!" என்றான் பையன். சின்னவள் ஒரு சாம்பல் துண்டை மூக்குக்கு நேராகப் பிடித்து, "யானை" என்றாள். யார் சொல்வது சரி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மூடியில் சரியான படம் இருந்திருந்தால் மூத்தவள் அதைப் பார்த்து விறுவிறுவென்று அடுக்கி முடித்திருப்பாள், மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்திருக்கும். இப்போது பதினைந்துக்கும் நாலுக்கும் ஒரே நிலைமை. நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

அன்றிலிருந்து மே மாதம் ஓடியதே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பிரஸ்ஸிலிருந்து பெரிய தடிமனான அட்டை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதன் மேல்தான் அடுக்குவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் எந்தப் பெட்டியையும் தரையில் இழுக்க விடமாட்டோம், உரசல் ஆகாது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் என் வாய், "இழுக்காதீக, தூக்குங்க" என்று கத்திவிடும். ஆகவே மூன்று பேரும் மூன்று மூலையைப் பிடிக்க, நாலாவதை நானோ அவரோ பிடிக்க, சாமியைத் தூக்கிப் போவதுபோல அட்டை நகரும். சின்னவள் தன் சொப்புச் சட்டிகளில் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தாள். "பச்சை ரெண்டு போடு" என்று பையன் கேட்டால் கரண்டியால் அள்ளிப் பரிமாறுவாள். சண்டை இல்லாமலா? இருந்தது. ஆனால் எல்லாச் சண்டையும் அந்த அட்டைக்குள்ளேயே நடந்தது. வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதே அவர்கள் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொம்பு தெரிந்தது, மூக்கு தெரிந்தது. மலையும் இல்லை, கப்பலும் இல்லை. தண்ணீருக்குள் சுகமாகக் கிடக்கிற எருமைக் கூட்டம்! "இதுக்கா இம்புட்டு நாளு!" என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான். "நம்ம ஆனைக்குட்டம் டேம்ல கிடக்கும்ல, அதே எருமைக" என்று மூத்தவள் சிரித்தாள். சின்னவள் மட்டும் இன்றுவரை அது யானைதான் என்கிறாள்.

ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே நான் சும்மா சொல்லிவைத்தேன்: "நீங்க படத்தை முடிக்கவும் அக்கா ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டவும் சரியா இருக்கும்."

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. நேற்றுச் சேர்த்த இடம் இன்று சாயங்காலம் பிய்ந்திருக்கும். ஒரு எருமைக்குக் காது வந்தால் இன்னொன்றுக்குக் கொம்பு போகும். பழி முழுக்கப் பையன் தலையில் விழுந்தது. "ஏலே, நீதான கலைச்ச?" என்று நானும் கேட்டேன். "சத்தியமா நான் இல்லம்மா! எது போனாலும் நான்தானா?" என்று அவன் கத்தினான். அவன் முழி சரியில்லாததால் நான் நம்பவில்லை.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் வெம்பக்கோட்டைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு இடி உறுமியது. மின்னல் என்றால் எங்கள் கம்பெனியில் உடனே வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவார்கள். வழக்கத்துக்கு முன்னாலேயே வேன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினால், மூத்தவளும் பையனும் காற்றாடிக்கு அடியில் படுத்திருக்கிறார்கள். சின்னவள் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கித் தன் சட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அம்புட்டுக் கவனம்.

காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். "அடிக் கள்ளி! நீதானா? ஏன்ட்டி பிச்ச?"

அவள் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. "படம் முடிஞ்சா அக்கா போயிருவால்ல."

தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று நான் சொன்னதை இந்த நாலு வயசு அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மூத்தவள் கண்ணைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தூங்கி எழுந்த கண் இல்லை அது.

"முழிச்சுத்தான் கிடந்தியா? அவ பிக்கிறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"முதல்லருந்தே."

"பிறகு சொல்ல வேண்டியதுதான? பாவம், அவனை அம்புட்டு ஏசியிருக்கேன்!"

மூத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "படம் முடியணும்னு எனக்கு மட்டும் என்னம்மா அவசரம்?" என்றாள்.

அவளே கேட்டுச் சேர்ந்த பள்ளிக்கூடம். சந்தோஷமாகப் போகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய? அதற்குள் பையன் எழுந்து விஷயத்தைக் கேட்டு, "பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று வீட்டையே இரண்டாக்கினான். அவனைச் சமாதானப்படுத்த மழை விட்டதும் ஐஸ்கிரீம் வாங்க ஓடினேன். சின்னவளுக்கும் ஒன்று வேண்டுமாம். திருடிக்கு எதுக்கு என்று அவன் கேட்டது நியாயம்தான்.

ஜூனில் மூத்தவள் கிளம்பினாள். எருமைகளில் இரண்டுக்கு இன்னும் முகம் இல்லை, தண்ணீரும் அங்கங்கே ஓட்டை. பெட்டியெல்லாம் ஆட்டோவில் ஏறிய பிறகு அவள் திரும்பி உள்ளே ஓடினாள். மூன்று பேரோடு நானும் ஒரு மூலையைப் பிடித்து அட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். "காலாண்டு லீவுக்கு வருவேன். அதுவரைக்கும் முடிச்சீக, தொலைச்சிருவேன்" என்று தம்பி தங்கை இரண்டு பேரையும் மிரட்டிவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். சாப்பாடு எப்படி என்று நான் கேட்பதற்குள், "எம்மா, படம் எம்புட்டு முடிஞ்சிருக்கு?" என்றாள்.

சின்னவள் ஃபோனைப் பிடுங்கி, "இன்னும் முடியல அக்கா!" என்று கூவினாள்.

பின்னாலிருந்து பையன் கத்தினான். "எப்படி முடியும்? நான் நேத்துச் சேத்த கொம்பைக் காணோம்! எல்லாம் இந்தக் கள்ளிதான்!"

"நான் எடுக்கல! சத்தியமா நான் எடுக்கல!" என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

அவள் எடுக்கவில்லைதான். கொம்பு என் முந்தானை முடிச்சில் இருந்தது.