பக்கவாட்டில் செவிடு

சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏனோக்கின் மைக் செட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. நம்பி வாடகைக்கு எடுத்தவர்கள்தாம் குறைவு. சுரங்கத்தில் அவர் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்தால் மைக் செட். கிளப் ஏலத்தில் எடுத்த அவருடைய ரிப்பன் மைக்குக்கு ஒரு குணம் இருந்தது: முன்னால் எவ்வளவு கேட்குமோ, பின்னாலும் அவ்வளவு கேட்கும். ஒரு கல்யாணத்தில் வாழ்த்துரையோடு சேர்த்து, முதல் வரிசையிலிருந்த அத்தைக்காரி மாப்பிள்ளையின் பல்லைப் பற்றிச் சொன்னதையும் அது பஜார் வரைக்கும் ஒலிபரப்பியது. அதே கல்யாணத்தில் மைக்குக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து உயிரை விட்டு அடித்த தவில்காரர் ஒலிபெருக்கியில் கேட்கவே இல்லை.

அறுபத்திரண்டு நவம்பரில், கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்ய பெங்களூர் ரேடியோவிலிருந்து சிரில் வந்தார். நாலு மணி ரயிலில் அவர் திரும்ப வேண்டும். மறுபடி வர மாட்டார். இரண்டு மாத ஒத்திகை அந்த ஒரு மத்தியானத்தில் தொங்கியது. தகரக் கூரைக்கடியில் ஒரு முறை, வெளியே வேப்பமரத்தடியில் ஒரு முறை என்று இரண்டு தடவை எடுத்துவிட்டு சிரில் தலையை ஆட்டினார். பின்னால் டமடமவென்று கேட்கிறதே, அது என்ன என்றார்.

முப்பது பேரும் காதைத் தீட்டினார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா சத்தம் சார்?" என்றார் குழுத்தலைவர் ஆபிரகாம் மாஸ்டர்.

சிரில் ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். மாஸ்டரின் முகம் விழுந்தது. சுரங்கத்தின் கல் நொறுக்கும் மில்! பிறந்ததிலிருந்து ராப்பகலாகக் கேட்டதால், அது யாருக்கும் சத்தமாகவே படவில்லை. நிறுத்தச் சொல்லலாம் என்றால், சுரங்கத்துக்குள் ஏதாவது விபத்து ஆனால்தான் மில் நிற்கும். அதை யார் போய்க் கேட்பது? சிரில் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

ஏனோக் வீட்டுக்கு ஓடி, தன் மைக்கோடு மூச்சிரைக்கத் திரும்பினார். தரையில் குச்சியால் பெரிதாக எட்டு என்ற எண்ணைக் கீறினார்.

"மைக்கு நடுவுல. இந்த ரெண்டு வட்டமும் காது சார். இடுப்பு செவிடு. இடுப்பை மில்லு பக்கம் திருப்பிட்டா?"

சிரில் ஒயரை மறுபடி அவிழ்த்தார்.

ஒரு வட்டத்தில் ஆண்கள், எதிர் வட்டத்தில் பெண்கள். இப்படி நேருக்கு நேர் முகம் பார்த்துப் பாடும் வழக்கம் இல்லாததால் பெரியவர்கள் இருமிப் பார்த்தார்கள். மணி மூன்றாகியிருந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை. குழுவைவிட உரக்கப் பாடும் ஆபிரகாமை, மில்லுக்கு எதிர்ப்புற இடுப்பில் ஏனோக் மரியாதையாக நிறுத்தினார். "அங்கே நின்னாதான் மாஸ்டர் ரெண்டு பக்கமும் உங்க கை தெரியும்." அதுவும் உண்மைதான்.

பாடி முடித்ததும், முதல் குரல் பாடிய பாக்கியவதியின் காதில் ஹெட்போனை வைத்து நாடாவை ஓட்டினார்கள். அவள் புருஷன் அன்றைக்குக் காலை ஷிப்ட். இன்னும் மேலே வரவில்லை. கேட்கக் கேட்க அவள் முகத்தில் சிரிப்பு பரவியது. பிறகு நின்றுபோனது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"அண்ணே, மில்லு நின்னுடிச்சா?"

ஏனோக் கையை மில் பக்கம் நீட்டினார். டமடமவென்று அது பாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள்; கேட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரில் அதற்குமேல் சோதிக்கவில்லை. நாடாவைப் பெட்டியில் போட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.