அப்பாவின் முதுகில் ஏழு அம்புக்குறிகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே குளியலறை, ஒரே ஷூ ஃபேக்டரி. பேசவேண்டியதை எல்லாம் என் வழியாகப் பேசினார்கள். "பைக் சாவி எங்கன்னு உங்கப்பாவக் கேளு" என்பார் சித்தப்பா, அப்பாவிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றுகொண்டு. "ஆணில மாட்டிக்கினு இருக்குதுன்னு சொல்லு" என்பார் அப்பா, என்னைப் பார்த்து. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு என் தோசைக்குத் திரும்புவேன்.

காரணம் ஷூதான். ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஃபேக்டரியில் அப்பா கடைசி செக்கிங்கில் இருந்தார். முடிந்து வரும் ஷூவை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவர் வேலை. கீறல், சுருக்கம், பசைக் கறை என்று எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். அம்பு ஒட்டிய ஷூ ரிப்பேர் மேசைக்குப் போகும். குறையைச் சரிசெய்த பிறகுதான் அங்கே ஸ்டிக்கரை உரிக்கலாம். அம்புகள் அதிகமானால் ரிஜக்ட்.

சித்தப்பாவுக்கு லாஸ்டிங் பிரிவில் வேலை, தோலை அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவது. ஒருநாள் ஷூ வாங்க வந்த வெளிநாட்டு பையர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, சித்தப்பா கையிலிருந்து வந்த பன்னிரண்டு ஜோடிகளுக்கு அப்பா வரிசையாக அம்பு ஒட்டிவிட்டார். முன்பக்கம் சுருக்கம். லைன் முழுக்கப் பார்த்தது.

"அண்ணன் தம்பின்னு ஒரு இது வேணாமா?" என்று அன்று மாலை சித்தப்பா வீட்டில் கத்தினார்.

"ஷூவுக்கு அண்ணன் தம்பியெல்லாம் தெரியாதுடா" என்றார் அப்பா.

அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு அது. பிறகு சித்தப்பா ராணிப்பேட்டையில் வேறு வேலை தேடிக்கொண்டார். மேல்விஷாரத்து நண்பர் ஒருவர் அறையும் பார்த்துக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், பள்ளிக்கூடத்தில் என் ரேங்க் கார்டில் அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட முன்வந்த ஒரே பெரியவர், போய்விடப்போகிறார். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அம்மாவும் ஏற்றுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து, பீடத்தின் முன் பந்தியாக மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். மனஸ்தாபத்தோடு பந்திக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலைக் குடும்ப ஜெபத்தில் யாருக்கு யாரோடு மனக்கசப்போ அவர்கள் சமாதானம் ஆகவேண்டும். அம்மா பாய் விரித்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு ஜெபம் என்று அறிவித்தாள்.

சித்தப்பா முதலில் ஆரம்பித்தார். "ஆண்டவரே, பிறருடைய குறைகளை மட்டுமே காண்கிற கண்களைத் தேவரீர் குணமாக்கும்."

அடுத்தது அப்பா. "கர்த்தாவே, செய்கிற வேலையைச் சுருக்கமில்லாமல் செய்யும் கைகளைச் சிலருக்குத் தந்தருளும்."

தன் முறை முடிந்துபோன சித்தப்பா மறுபடியும் தொடங்கினார். "மேலும், ஆண்டவரே..."

"ஆமென்!" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்த வாரம்தான் ஞாயிறு பள்ளி அக்கா எங்களுக்கு உலகத்தின் கடைசி நாளைப் பற்றி விளக்கியிருந்தார். கறையும் சுருக்கமும் இல்லாதவர்களாக நாம் ஆண்டவர் முன்னால் நிற்கவேண்டுமாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பரலோகத்திலும் கடைசி செக்கிங் இருக்கிறது. அப்படியானால் முன்கூட்டியே குறையைக் காட்டிக்கொடுப்பது குடும்பத்துக்குச் செய்கிற உதவி. அப்பாவின் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டேன். அதை எடுத்ததற்கு ஓர் அம்பு உண்டா என்ற கேள்வி எனக்கு எழவில்லை.

முதல் அம்பு அம்மாவுக்கு. பெண்கள் சங்கத்துச் செயலாளர் வந்தபோது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே "அம்மா ஊர்ல இல்லன்னு சொல்லு" என்றாள். அவள் முந்தானையில் ஒட்டிவிட்டேன். அதோடு மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றை அம்பு போதவில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை இஸ்திரிக் கடையிலிருந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையை நான்தான் வாங்கி வந்தேன். அதைப் போட்டுக்கொண்டு அப்பா பைக்கை எடுத்தார். பின்னால் நான். போகிற வழியிலேயே வேலையை முடித்தேன். தம்பியோடு பேசாததற்கு மூன்று. சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியதற்கு ஒன்று. ஜெபத்திலேயே சித்தப்பாவைக் குத்தியதற்கு ஒன்று. மூடிய ரயில்வே கேட்டின் அடியில் பைக்கைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனதற்கு ஒன்று. ஏழாவது எதற்கென்று நினைவில்லை. முதுகில் இடம் இருந்தது. குறை எங்கே என்று தெரிந்தால் அப்பா திருத்திக்கொள்வார், சித்தப்பாவும் போகமாட்டார். அதுதான் என் திட்டம்.

"கடைசி வாரம், எனக்காக வா" என்று அம்மா கெஞ்சியதால் சித்தப்பாவும் வந்திருந்தார். ஆனால் பந்திக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பந்தியில் ஆண்கள் முதலில் போவார்கள். பீடத்துக்கு முன்னால் வரிசையாக மண்டியிடுவார்கள், சபைக்கு முதுகு காட்டி. எங்கள் சபையில் பாதிப்பேர் ஷூ ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள். சிவப்பு அம்பு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"இன்னாடி இது, செக்கரையே யாரோ செக் பண்ணிட்டாங்க!" என்றாள் எனக்கு முன் பெஞ்சில் இருந்த ஒரு தையல் பிரிவு அக்கா.

"எத்தினி?"

"ஏழு."

"ஏழா? அப்ப ரிஜக்ட்தான்."

சிரிப்பு பெஞ்ச் பெஞ்சாக முன்னேறியது. போதகர் அப்பத் தட்டோடு நிமிர்ந்து பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். சட்டை கிழிந்துவிட்டதோ என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். காது இரண்டும் சிவந்துபோய், பின்னால் தடவவும் முடியாமல், கைகூப்பியபடி மண்டியிட்டிருந்தார்.

சித்தப்பாவும் தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, எழுந்து நேராக நடந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு மண்டியிட்டார். பசைக் கறை படிந்த விரல் நகத்தால் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினார்.

அப்பாவுக்கு ஸ்டிக்கர் விஷயம் தெரியாது. தம்பி வந்து முதுகைத் தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தவரின் கண்கள் நிறைந்தன. சித்தப்பாவின் தோளில் கைபோட்டு இறுக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போதகர் தட்டோடு வந்து நின்றார். அப்பம் வாங்கக் கையை ஏந்தவேண்டும். சித்தப்பாவின் உள்ளங்கையில் ஏழு அம்புகள். எங்கே வைப்பது? அவசரத்தில் எல்லாவற்றையும் தன் சட்டையின் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு, வெறுங்கையை நீட்டினார்.

அண்ணன் முதுகில் போனவை தம்பி நெஞ்சில் திரும்பி வந்ததைக் கண்டு, சிரிக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் அப்பா அவரைக் கூர்ந்து பார்த்தார். "இன்னாடா இது, நெஞ்சில?"

இரண்டு மாதத்தில் முதல் கேள்வி. நான் நடுவில் நிற்கத் தேவையில்லாத கேள்வி.

"உன் முதுகுல இருந்துச்சிண்ணே. சும்மா வுடு."

அப்பா விரலால் ஏழையும் எண்ணினார். பிறகு, "ராணிப்பேட்டைக்கு வரலன்னு போன் பண்ணிடு" என்றார். சித்தப்பா சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

எனக்கோ ஒரே ஆத்திரம். திரும்பும்போது சித்தப்பாவின் கையைப் பிடித்து விசாரித்தேன். "அப்பா சாரி கேட்டாரா?"

"இல்லியே."

"நீ கேட்டியா?"

"நானும் கேக்கல."

"ரிப்பேர் பண்ணாம எப்பிடி ஸ்டிக்கர எடுக்கலாம்?"

"பேஜார் பண்ணாத வா, கடைல பிரியாணி தீந்துடப் போவுது" என்றார்.

விதியை மீறிவிட்டு இப்படி நிம்மதியாகப் பிரியாணி தின்கிற பெரியவர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "அது எப்பிடி, சட்டைல போய்..." என்று ஆரம்பித்தாள்.

"வுடு. ஃபேக்டரிலருந்து ஒட்டிக்கினு வந்திருக்கும்" என்றார் அப்பா, இலையை மடித்தபடி.

அன்று காலைதான் இஸ்திரிக் கடையிலிருந்து வந்த சட்டை அது, ஃபேக்டரிப் பக்கம் போகவே இல்லை. ஆனாலும் தப்பித்துவிட்டேன். ஊசிமுனை அளவு கீறலைக்கூடத் தவறவிடாத மனிதர், தன் பின்னால் உட்கார்ந்து வந்த என்னை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று ரொம்ப காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.