மச்சானின் பிந்திய அடி

எங்கள் பொங்கோல் வீட்டு ஸ்டோர் ரூமில் இரண்டு அட்டைப் பெட்டி நிறைய சிடிக்கள் கிடக்கின்றன. அட்டைப்படத்தில் நாங்கள் நான்கு கிழவர்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே முறைத்தபடி நிற்கிறோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. பாட்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் புளூஸ் ராக் குழு பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வெளியிட்ட கடைசி ஆல்பம் அது. கேட்டவர்கள் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அது ஏன் அப்படி உயிரில்லாமல் போனது என்று எனக்குத் தெரியும். கெடுத்தவன் நான்தான்.

டிரம்ஸ் வாசித்தவர் என் மனைவியின் அண்ணன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். அவர் எனக்கு மச்சான் ஆவதற்கு முன்பே, அவர் பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். தங்கையைக் கொடுத்ததே அந்தப் பழக்கத்தில்தான். வாரமெல்லாம் பஸ் ஓட்டுவார். ஞாயிறு பிற்பகலில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் ஒத்திகை. கீழே மிளகாய் அரைக்கும் மில். தும்மிக்கொண்டே பாடுவோம், வீட்டுக்குப் போனால் சட்டையில் மல்லித்தூள் வாசம் அடிக்கும். ஒன், டூ, த்ரீ எண்ணித் தொடங்கும் வழக்கமெல்லாம் எங்களிடம் கிடையாது. மச்சான் தே தண்ணி குடித்துக் குவளையைத் தரையில் வைத்தால் பாட்டு ஆரம்பம் என்று அர்த்தம்.

அவருடைய அடி எப்போதும் ஒரு நூலளவு பிந்தித்தான் விழும். "எங்க லா ஓடப் போறோம்?" என்று சிரிப்பார். நான் அவருடைய இடது தோளையே பார்த்துக்கொண்டு, விரலைக் கம்பியின்மேல் நிறுத்தி வைத்திருப்பேன். தோள் இறங்கும்போதுதான் என் விரலும் இறங்கும். அந்தச் சின்னத் தாமதத்தில்தான் கேட்பவர்கள் தலை ஆடும். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. முப்பது வருடம் அப்படியே ஓடியது. எங்களிடம் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

கடைசி ஆல்பத்தைக் கிளமெண்டி பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். ஆளுக்கு ஒரு நாள், தனித்தனியாக, காதில் டக் டக் என்று தாளம் காட்டும் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்க வேண்டும். முதல் நாள் மச்சான். அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து இடது கை கொஞ்சம் பலவீனமாகியிருந்தது. அவர் வாசித்துவிட்டுப் போன பிறகு ஒலிப்பதிவாளர் என்னைக் கம்ப்யூட்டர் திரைக்கு முன் கூப்பிட்டார்.

"அங்கிள், பாருங்க, எல்லா அடியும் கோட்டுக்குப் பின்னாடி விழுது. டோட்டலி லேட். நேரா இழுத்து வச்சிடவா?"

பார்த்தேன். தாளத்தைக் காட்டும் கோடுகளின்மேல் அவர் அடி ஒன்றுகூட விழவில்லை. கை போய்விட்டது, பாவம், ஊர் சிரிக்கப் போகிறது என்று பதறினேன். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்த்த முட்டாள் நான். "இழுத்து வச்சிடுங்க தம்பி. அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். மறுநாள் அந்த நேராக்கிய டிரம்ஸுக்கு என் பேஸை வாசித்தேன், துளி பிசகாமல்.

சிடி வந்த அன்று என் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். முதல் பாட்டு முடிந்ததும் மச்சான் கேட்டார்: "டிரம்ஸ் யாரு மாப்ள?"

"நீங்கதான் மச்சான்."

இடது கையை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். "கரெக்டா இருக்கு லா," என்றார். அதற்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை. டிரம்ஸுக்கு உறை போட்டு மூடிவிட்டார். கையில் வலி என்று தங்கையிடம் சொன்னார், அவளும் நம்பினாள். தன் அடியைத் தூக்கிவிட்டு வேறு யாரையோ வாசிக்க வைத்துவிட்டோம், அந்த அளவுக்குத் தன் கை கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கடைசியில் ஒலிப்பதிவாளரிடம் கெஞ்சி, திருத்தாத பதிவை வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் மச்சான் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தோள் தானாக அசைந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இது நான் லா! என் கை ஒண்ணும் ஆகல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அடுத்ததைக் கேட்டார்: "உன் பேஸையும் சேர்த்துப் போடு."

ஒரு பக்க இயர்போனை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டு போட்டேன். சிரிப்பு மெல்ல இறங்கியது. ஒவ்வொரு அடியிலும் என் பேஸ் முன்னால் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே கேட்டது. தன் பக்க இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"அந்த ரூம்ல நான் மட்டும்தான் மாப்ள. நீ பக்கத்துல நிக்கிறதா நெனச்சுத்தான் வாசிச்சேன்," என்றார். "நீ நிக்கல."